உங்கள் கையெழுத்தில் என் சொல்

இன்று காலை நம் வீட்டுக் கேட்டில் யாரோ ஒரு விளம்பரத் தாளைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். வழவழவென்ற தாள், மை வாசனைகூடப் போகவில்லை. லிங்கி ஆற்றுப் பக்கம் புதிதாக வீடுகள் கட்டப் போகிறார்களாம். படத்தில் ஆறு வளைகிற இடத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது நாம் இருந்த ரப்பர் தோட்டம்தான். ஆபீஸ் இருந்த மேட்டில் நீச்சல் குளம் வருகிறது. தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் கார் நிறுத்தப் போகிறார்கள். படத்துக்குக் கீழே ஆங்கிலச் சொற்களை, கல்யாண வீட்டில் சீர்வரிசையைப் பரப்புவதுபோலப் பரப்பி வைத்திருந்தார்கள். லக்சுரி, ஆப்புலெண்ட், எக்ஸ்க்ளூசிவ். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைசி வரியில் அது இருந்தது. லாவிஷ்.

தாளைச் சமையலறை மேசையில் கவிழ்த்து வைத்தேன். தேநீர் ஆறிப்போனது. மற்ற எந்தச் சொல்லுக்கு நான் பயந்திருந்தாலும் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள். "என்ன கான்வென்ட்டு, ஒரு வார்த்தையப் பாத்தா மொகம் வெளுக்குது?" என்று ஒரு வாரம் ஓட்டியிருப்பீர்கள். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் சாகும்வரை நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை குத்திக் கேட்டதில்லை. நீங்கள் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. இத்தனை நாள் கழித்துப் பெண்டாட்டி கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். எனக்கும் வேறு வழி இல்லை. ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு அழைத்துப்போனபோது உங்களுக்கு ஒரு பெருமையும் ஒரு பயமும் இருந்தன. சிரம்பானில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் பெண்டாட்டி என்பது பெருமை. அவளுடைய ஆங்கிலம் ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த சின்ன கிராணியான உங்கள் ஆங்கிலத்தைவிட நன்றாக இருக்கிறது என்பது தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குத் தெரிந்துவிடுமோ என்பது பயம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது சட்டைக்குள் மடித்து, துரைக்காக எழுதிய கடிதங்களின் முதல் நகலைக் கொண்டுவருவீர்கள். நான் கரண்டியை வைத்துவிட்டுப் பென்சிலை எடுப்பேன். துரை ஒரு நாள் உங்கள் கடிதத்தைப் பாராட்டினார் என்று வந்து சொன்னீர்கள். அன்றைக்கு எனக்கு இருந்த திமிரை இப்போது நினைத்தால் கூசுகிறது. அடுத்த வீட்டுக்காரி சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னால்கூட, இவளுக்கு என்ன தெரியும் என்று நினைக்கிற திமிர் அது.

நமக்குள் ஒரு விளையாட்டு இருந்தது, நினைவிருக்கிறதா? மலாயாவில் அவசரகாலம் தொடங்கித் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்ட பிறகு நமக்குப் போக்கிடம் இல்லை. சினிமா இல்லை, ஆற்றங்கரை இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து பணக்காரர்களைப் பங்கு பிரிப்போம். மோதிரம் நான்கு போட்டுக்கொண்டு சத்தமாகப் பேசும் லிங்கி மளிகைக் கடைக்காரர் வெறும் ரிச். குழம்பைக்கூட ரிச் என்று சொல்லலாம், அதனால் அது கொஞ்சம் மட்டமான சொல் என்பேன் நான். லண்டனில் உட்கார்ந்துகொண்டு நாம் ஒருநாளும் பார்க்காத தோட்டத்து முதலாளி வெல்தி. அதில் சத்தம் வராது, பாட்டன் காலத்துப் பத்திரங்களின் வாசம்தான் வரும். கிராமபோன் வைத்திருந்த பெரிய கிராணி வெல்-டு-டூ. ஏழு வேலைக்காரர்களோடு மேட்டு பங்களாவில் இருந்த துரையை எதில் போடுவது என்று நான் யோசித்தபோது நீங்கள் சொன்னீர்கள்: "அவரு தன்னைய கம்ஃபர்டபிள்னுதான் சொல்லிக்குவாரு. ரொம்ப இருக்கறவன் இருக்குன்னு சொல்ல மாட்டான்." அன்று உங்களை நினைத்துப் பெருமைப்பட்டேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

லக்சுரி என்றால் என்ன என்பதில் மட்டும் நமக்கு ஒத்துவரவில்லை. பட்டு, வெள்ளித் தட்டு, வாசனைத் திரவியம் என்று நான் அடுக்கினேன். இல்லாவிட்டாலும் சாகமாட்டோம் என்கிற எதுவும் லக்சுரிதான் என்றீர்கள் நீங்கள். அப்போது அரிசிக்குப் பங்கீடு, சர்க்கரைக்குப் பங்கீடு. வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று ஒரு பிடி சோற்றைக்கூட வேலிக்கு வெளியே எடுத்துப்போக விடமாட்டார்கள். கடையில் டின் வாங்கினால் கடைக்காரர் நம் கண்ணெதிரே ஆணி வைத்து அதில் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், உடனே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும், பதுக்க முடியாது. டொக், டொக். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே நான் பால் டின் வாங்க உங்களை அனுப்புவேன்.

இனி அஞ்சலையைப் பற்றி எழுத வேண்டும். இரண்டு தடவை பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த லயத்தில் மூன்றாவது வீடு அவளுடையது. அவளும் புருஷனும் பால்மரம் வெட்டுகிறவர்கள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர்கள். அவன் பெயர் ரெங்கசாமி. வேலிக்கு வெளியே ஆற்றோரத்து மரங்களில் வெட்டிக்கொண்டிருந்தபோது பாம்பு கடித்து அந்த இடத்திலேயே செத்துப்போனான். உயிர் பிரிந்த இடத்தில் பதினாறாம் நாள் படையல் வைக்காவிட்டால் ஆவி பசியோடு வாசலைச் சுற்றும் என்பது அவர்கள் வழக்கம். அதையும் கை நிறைய அள்ளி வைக்க வேண்டும், செத்தவனுக்குப் பிடித்ததெல்லாம் இருக்க வேண்டும். உயிர் பிரிந்த இடமோ வேலிக்கு அந்தப் பக்கம்.

பதினைந்து நாள் அவள் தன் பங்கு அரிசியில் பாதியை எடுத்து வைத்தாள். போதாததற்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தார்கள். பதினாறாம் நாள் காலை அஞ்சலையோடு இன்னும் மூன்று பெண்கள் ஆளுக்கொரு சோற்றுப் பொட்டலத்தை இடுப்பில் சேலைக்குள் கட்டிக்கொண்டு, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு, கேட்டில் நின்ற காவல்காரர்களைத் தாண்டிப் போனார்கள். அந்த மூவரில் ஒருத்தி பாப்பாத்தி. நான் கொல்லையில் துணி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சோறும் கருவாடும் அவித்த முட்டையும் ரெங்கசாமிக்குப் பிடித்த மத்தி மீன் டின்னும் போயின. அந்த டின்தான் வினை. ஓட்டை போட்டதைச் சாமிக்கும் வைக்கக் கூடாது, செத்தவனுக்கும் வைக்கக் கூடாது என்று, சட்டம் வருவதற்கு முன்னால் வாங்கிய ஒரு முழு டின்னை அவள் பெட்டியடியில் வைத்திருந்தாள். முந்தின நாள் என்னிடம் காட்டவும் செய்தாள். "ஓட்ட டின்ன வச்சா அவரு என்னைய என்னா நெனப்பாரு, கிராணியம்மா?" என்றாள். எச்சரித்திருக்க வேண்டியவள் நான். நம் விளையாட்டில் நீங்கள் சொன்ன லக்சுரி இதுதான் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சிப்பாய்கள் அந்தப் பக்கம் ரோந்து போனார்கள். காட்டுப் பன்றி எல்லாவற்றையும் கிளறித் தின்றுவிட்டுப் போயிருந்தது. மிச்சம் இருந்தவை சில வாழை இலைகள், சிதறின பருக்கைகள், ஓட்டை இல்லாத டின். எவ்வளவு சோறு, எத்தனை பேருக்கு என்று சொல்ல ஒரு சாட்சி இல்லை. விசாரணைக்கு வந்தபோது அஞ்சலை தானே முன்னால் வந்தாள். "நான்தான் வச்சேன். நான் ஒருத்திதான். எம்புருஷனுக்கு" என்றாள். மற்ற மூவரின் பெயர் அவள் வாயில் வரவில்லை.

துரை கெட்டவர் இல்லை. இது இவர்களுடைய சடங்கு, காட்டுக்காரர்களுக்குப் போட்ட சாப்பாடு இல்லை என்று விளக்கி ஒரு கடிதம் எழுது, போலீஸ் அதிகாரிக்கு அனுப்புகிறேன் என்று உங்களிடம் சொன்னார். மத்தியானம் நகலோடு வந்தீர்கள். அன்று நான் முருங்கைக்காய்க் குழம்பு வைத்திருந்தேன், நீங்கள் தொடவில்லை.

உங்கள் நகலில் ஐந்தே வரிகள். இவளுடைய புருஷன் செத்துப்போனான், செத்தவர்களுக்குச் சாப்பாடு வைப்பது எங்கள் வழக்கம், இவள் கொஞ்சம் சோறும் கொஞ்சம் கருவாடும் வைத்தாள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. என்ன இது, பிச்சைக்காரச் சோறுபோல எழுதியிருக்கிறீர்களே என்றேன். வெள்ளைக்காரன் படித்துவிட்டு, இவர்கள் செத்தவனுக்கும் எலிக்கு வைப்பதுபோல வைக்கிறார்கள் என்று சிரிப்பான் என்றேன். பதினைந்து நாள் அரை வயிற்றோடு கிடந்து அவள் சேர்த்தது கொஞ்சமா என்று கேட்டேன். கொஞ்சம் என்பதை அடித்துவிட்டு, எங்கள் மக்கள் பிரிந்துபோனவர்களுக்கு லாவிஷ் விருந்து படைப்பது மரபு, அவளும் அப்படியே செய்தாள் என்று எழுதினேன்.

நீங்கள் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தீர்கள்.

"லாவிஷ்னா நெறையன்னு ஆயிறாதா?" என்றீர்கள்.

"ஆகாதுங்க. அது இருக்கறதச் சொல்ற வார்த்த இல்ல, குடுக்கறதச் சொல்ற வார்த்த. ஏழைகூட லாவிஷா குடுக்கலாம்."

"நம்ம ஆளுங்களப் பத்தி எழுதுறப்ப சின்ன வார்த்தையா இருந்தா நல்லதுலா. பெருசு கண்ண உறுத்தும்."

"அப்ப எங்கிட்ட ஏன் கொண்டாந்தீங்க?"

என் பென்சில் எழுத்தை மசியில் திருத்தமாக எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டீர்கள். துரையும் போட்டார்.

நான் சொன்ன பொருள் தப்பில்லை. இப்போதும் எந்த அகராதியை வேண்டுமானாலும் எடுத்துக் காட்டுவேன். அள்ளிக் கொடுக்கும் கைக்குத்தான் அந்தச் சொல். ஆனால் அதை எழுதியபோது நான் பார்த்தது அவளுடைய கையை. படித்தவன் பார்த்தது அரிசி மூட்டையை. பங்கீட்டு அரிசி வாங்கும் ஒருத்தி தனியாக லாவிஷ் விருந்து வைக்க முடியுமா? அப்படியானால் அரிசி எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள்? அவள் மூன்று பேரின் பெயரைச் சொல்லியிருந்தால் கணக்குச் சரியாகியிருக்கும். சொல்லவில்லை. கொஞ்சம் சோறு என்ற உங்கள் வரி இருந்திருந்தால் நான் ஒருத்திதான் என்று அவள் சொன்ன பொய்யும் நின்றிருக்கும். நான் அதன் காலை வெட்டிவிட்டேன்.

அதிகாரி உங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றீர்கள். "அந்த வார்த்தைக்கு அடியில செவப்புக் கோடு போட்டு வச்சிருக்கான்" என்றீர்கள். இதை எழுதியது யார் என்று கேட்டானாம். நான்தான் எழுதினேன் என்றீர்களாம். கண்ணால் பார்த்தாயா என்று கேட்டானாம். இல்லை என்றீர்களாம். பார்க்காமல் எப்படி லாவிஷ் என்று எழுதினாய் என்றானாம்.

ஒரு வாரத்தில் அஞ்சலையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தடுப்பு முகாமில் வைத்தார்கள், பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அவள் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். அங்கே இறங்கினால் எந்தப் பக்கம் நடப்பது என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. லாரி நம் வீட்டைத் தாண்டிப் போனபோது அவள் திரும்பிப் பார்த்தாள். உங்களைப் பார்க்கவில்லை. ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், போய்வருகிறேன் என்பதுபோல. அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தத் தலை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தால்தான் அவள் போனாள் என்று பரவி, அதற்குப் பிறகு தோட்டத்தில் உங்களுக்குப் பெயர் மாறிவிட்டது. காட்டிக் கொடுத்த கிராணி. விடியற்காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட நீங்கள் போய் நின்றால் ஆட்கள் தரையைப் பார்ப்பார்கள். தீபாவளிக்கு ஒரு வீட்டிலிருந்தும் தட்டு வரவில்லை. என்னை மட்டும் யாரும் ஒதுக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் எனக்கு இடம் விட்டுக் கொடுத்தார்கள். "பாவம், நல்ல பொம்பள, இந்த ஆளக் கட்டிக்கிட்டு என்னா பாடு படுது" என்று என் காதுபடவே பேசினார்கள். அந்த இரக்கம் எனக்கு வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். உங்களை ஏசும்போது நான் குடத்தைக் கழுவிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை.

நீங்களும் திறக்கவில்லை. சிரம்பானை ஒட்டிய ராசாவுக்குக் குடிவந்தோம், நீங்கள் லாரிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தீர்கள், மகள் பிறந்தாள், அவளைப் படிக்க வைத்தோம். விளையாட்டை மறுபடி விளையாடவே இல்லை. உங்கள் கடிதங்களையும் நீங்கள் என்னிடம் கொண்டுவரவில்லை. வீட்டில் எந்த டின்னைத் திறந்தாலும் முதலில் மூடியைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பீர்கள். மகள் கேட்டால் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறேன் என்பீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நினைவு தப்பிக் கிடந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோடு இன்னும் இருக்கா?" என்று கேட்டீர்கள். இல்லை, அழித்துவிட்டார்கள் என்றேன். நம்பினீர்களா?

உங்கள் பதினாறாம் நாளுக்குத் தோட்டத்து ஆட்களில் பாப்பாத்தி ஒருத்திதான் வந்தாள். எனக்காக வந்தாள். உங்கள் படத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு, "அந்தப் பாவம் உங்களத் தொடாது கிராணியம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றாவது சொல்லியிருக்கலாம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்று மத்தியானம் அந்த விளம்பரத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு பாப்பாத்தி வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள், கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில், முருங்கைக்காய்க் குழம்பு, நீங்கள் வேண்டாம் என்றது, நான் விடாமல் எழுதியது, ஒன்றையும் மறைக்கவில்லை.

பாப்பாத்தி சிரித்தாள்.

"செத்த புருஷன் மேல உள்ள பழி போவட்டும்னு நீங்க இப்பிடிப் பேசறீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?" என்றாள்.

"இல்ல பாப்பாத்தி. சத்தியமா. அந்த வார்த்த என்னுது."

"உங்க மாதிரி பொண்டாட்டி அந்த ஆளுக்குக் கெடச்சதே பெருசு. விடுங்கம்மா."

நான் விடவில்லை, மறுபடியும் மறுபடியும் சொன்னேன். அவளுடைய முகம் மெல்ல மாறியது. "அப்ப நான் இத்தன வருசமா ஒரு நல்ல மனுசனையா ஏசிக்கிட்டு இருந்தேன்?" என்றாள். "என்னையக் காப்பாத்திட்டு அவ கப்பலேறிட்டா. அதுக்கு யாரையாச்சும் ஏசாம நான் எப்பிடிலா சோறு தின்னிருப்பேன்? வேணாம்மா. அந்த ஆளாவே இருக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டியணைத்தாள். வாசலில் வழியனுப்பும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம், "இந்தம்மா மாதிரி ஒரு பொம்பளயப் பாக்க முடியாது" என்று சொல்வது என் காதில் விழுந்தது.

ஆகவே இனி சொல்வதற்கு ஆள் இல்லை, உங்களைத் தவிர. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் திருத்திய அந்த நகல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பிஸ்கட் டப்பாவில், நம் கல்யாணப் போட்டோவுக்கு அடியில். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். நீங்கள் போன பிறகு எடுத்துப் பார்த்தபோது, என் பென்சில் எழுத்தெல்லாம் ரப்பரால் அழிக்கப்பட்டிருந்தது. லாவிஷ் என்ற இடத்தில் தாள் தேய்ந்து மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிந்தது. எப்போது அழித்தீர்கள்? யாராவது பார்த்துவிட்டால் என் கையெழுத்து இருக்கக் கூடாது என்றுதானே?

நான் அடித்திருந்த கோடும் போய்விட்டதால் உங்கள் வரியை இப்போது தடையில்லாமல் படிக்க முடிகிறது. ஒவ்வொரு வருடமும் உங்கள் திதியன்று அதை எடுத்துப் படித்துவிட்டுத்தான் இலை போடுகிறேன். மகள் வடை, பாயசம், பத்து வகை கறி என்று கேட்பாள். வேண்டாம் என்பேன். கஞ்சத்தனம் என்று அவள் முணுமுணுப்பாள். இரண்டு இலை போடுகிறேன், ஒன்று உங்களுக்கு, ஒன்று செத்தாளோ இருக்கிறாளோ தெரியாத அஞ்சலைக்கு. நீங்கள் எழுதியபடியே வைக்கிறேன். கொஞ்சம் சோறு. கொஞ்சம் கருவாடு.